வலைக்குள் ஐந்து மணி நேரம்

நம் ஊர்க் கண்மாயில் தூண்டில் போடுகிறவர் பக்கத்தில் ஒரு பறி இருக்கும். இல்லையென்றால் செவுள் வழியாகக் கயிறு கோத்து, மீனைத் தண்ணீரோரம் கட்டி வைத்திருப்பார். எப்படி வைத்தாலும் அது போய்ச் சேரும் இடம் குழம்புச் சட்டிதான். பிடித்த பிறகு மீன் என்ன பாடுபடுகிறது என்று யாரும் மெனக்கெட்டுக் கேட்பதில்லை. வீடு போகும்வரை கெடாமல் இருந்தால் போதும்.

இங்கிலாந்தின் தூண்டில் போட்டிகளில் கணக்கு வேறு. காலையில் விசில் ஊதினால் ஐந்து அல்லது ஆறு மணி நேரம் கழித்து மறு விசில். அதுவரை பிடித்த மீன் அத்தனையும் உயிரோடு இருக்க வேண்டும்; எடை போட்ட கையோடு அதே தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். அந்த இடைப்பட்ட நேரத்துக்கு மீன் குடியிருக்கும் வீடுதான் கீப்நெட். வளையங்கள் கோத்த நீளக் குழாய் மாதிரியான வலை. திறந்த வாய் கரையில் தூண்டில்காரரின் முழங்கால் பக்கம் இருக்கும், மூடிய அடிமுனை தண்ணீருக்குள் கிடக்கும். உள்ளே போகிறவை ரோச், பிரீம், டென்ச், சப், பெர்ச், கார்ப் ஆகியவை. கார்ப் நமக்கும் பழக்கப்பட்ட மீன்: 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்து, இன்று பண்ணைதோறும் சாதாக் கெண்டை என்ற பெயரில் வளர்கிறதே, அதேதான். பெர்ச் ஒன்றைத் தவிர இந்தப் பட்டியலில் மற்ற எல்லாமே கெண்டைக் குடும்பம்.

ஏன் திருப்பி விட வேண்டும்? விதி அப்படி. இங்கிலாந்தில் ஆற்றிலிருந்து ஒருவர் ஒரு நாளில் 20 செ.மீ. வரையுள்ள சிறு மீன் 15, 65 செ.மீ. வரையுள்ள பைக் மீன் 1, 30 முதல் 38 செ.மீ. வரையுள்ள கிரேலிங் மீன் 2 எடுத்துப் போகலாம். மற்றவை திரும்பத் தண்ணீருக்குத்தான். குளங்களில் உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஒன்றுகூட எடுக்க முடியாது. குளத்துக்காரர் காசு கொடுத்து வாங்கி விட்ட மீன் அது. ஒரே கெண்டை ஒரு கோடையில் பல தடவை பிடிபட்டு, பல தடவை எடை போடப்பட்டு, பல தடவை திரும்பப் போகிறது.

இந்த வலைக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரிட்டனின் 2006-ம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் முதுகெலும்புள்ள விலங்குகளைக் காக்க வந்தது. மீனுக்கும் முதுகெலும்பு உண்டு. ஆனால் அதன் 59-வது பிரிவு, மீன்பிடிப்பின் வழக்கமான போக்கில் நடக்கும் எதற்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று கதவைச் சாத்திவிடுகிறது. மிச்சம் இருப்பது சுற்றுச்சூழல் முகமையின் துணைவிதிகள். அவற்றின்படி கீப்நெட்டில் முடிச்சுப் போட்ட கண்ணி கூடாது, உலோகக் கண்ணி கூடாது. கண்ணியின் உட்சுற்றளவு 25 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. வலையின் நீளம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. தாங்கு வளையங்கள் 40 செ.மீ.க்கு மேல் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும் (வாய் வளையத்துக்கும் முதல் தாங்கு வளையத்துக்கும் நடுவே உள்ள தூரம் கணக்கில் வராது). ஒவ்வொரு வளையத்தின் சுற்றளவும் குறைந்தது 120 செ.மீ. சால்மன், ட்ரவுட் வகைகளை இதில் போடவே கூடாது.

25 மி.மீ. என்பதைப் பலர் ஓட்டையின் அகலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சுற்றளவு. சதுரக் கண்ணியாக விரித்தால் பக்கத்துக்கு 6 மி.மீ. சொச்சம்தான் வரும். சுண்டு விரல்கூட நுழையாது. நுழையக் கூடாது என்பதுதான் நோக்கமும்: தலை நுழைந்தால் செவுள் மூடி மாட்டும், துடுப்பு நுழைந்தால் கிழியும்.

எல்லாம் நல்ல விதிகள். ஆனால் கவனித்தால், எல்லாமே வலையைத்தான் அளக்கின்றன. வலை எங்கே கிடக்கிறது, உள்ளே எத்தனை கிலோ, தண்ணீரின் சூடு என்ன, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற நான்கையும் அளக்கச் சொல்லவில்லை. விதிப்படி வாங்கிய வலைக்குள்ளும் மீன் சாகிறது என்றால் பெரும்பாலும் இந்த நான்கில் ஏதோ ஒன்றினால்தான். இல்லையென்றால் உள்ளே போகும் அரை நிமிடத்திலும் வெளியே வரும் இரண்டு நிமிடத்திலும் நடக்கும் கைப்பிழையால்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வலையை எடுத்துக்கொள்வோம். 120 செ.மீ. சுற்றளவு என்றால் விட்டம் 38 செ.மீ. 2 மீட்டர் நீளமும் முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பதாகவே வைத்தால்கூட உள்ளே கொள்வது 230 லிட்டர். 20 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு அதிகபட்சம் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். ஆக மொத்த இருப்பு 2,100 மில்லிகிராம் அளவில். ஓய்வாக இருக்கும் கெண்டை அந்தச் சூட்டில் கிலோவுக்கு மணிக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் எடுக்கும். தூண்டிலில் போராடிக் களைத்தது இரு மடங்கு எடுக்கும் என்று வையுங்கள். உள்ளே 20 கிலோ மீன் இருந்தால் மணிக்கு 4,000 மில்லிகிராம் வேண்டும். வலைச்சுவர் வழியே புதுத் தண்ணீர் வராவிட்டால் அரை மணி நேரத்தில் இருப்பு காலி. உண்மையில் மீன் மூச்சுத் திணறுவது அதற்கும் முன்பே தொடங்கிவிடும், ஏனென்றால் பூஜ்யம்வரை எந்தக் கெண்டையும் காத்திருக்காது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலே தொந்தரவு. 3-ஐ நெருங்கினால் ஆபத்து.

ஆகவே கீப்நெட் என்பது தொட்டி கிடையாது; ஓட்டை நிறைந்த குழாய். அதன் உயிர் அந்த ஓட்டைகளில் இருக்கிறது. ஓட்டை வழியே தண்ணீர் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தால் 230 லிட்டர் என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மாறாவிட்டால் 2 மீட்டர் வலையை 4 மீட்டர் ஆக்கினாலும் சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

தண்ணீர் மாற்றத்தை அடைப்பவை மூன்று. ஒன்று, பிரீம் மீனின் வழுவழுப்பு. பிரீம் கொடுக்கும் சளி கொஞ்சநஞ்சமில்லை. பத்துப் பதினைந்து கிலோ பிரீம் ஒரு வலையில் இரண்டு மணி நேரம் கிடந்தால் மென்கண்ணிச் சுவர் பசை தடவினாற்போல ஆகிவிடும். இரண்டு, பாசியும் சேறும். கரையோரம் கால் வைத்துக் கலக்கிய சேறு வலையில்தான் வந்து படியும். மூன்றாவது, முந்தைய வாரத்து அழுக்கு: கழுவாமல் சுருட்டிப் பையில் போட்ட வலை காய்ந்து கண்ணி இறுகியிருக்கும். வலையைத் தண்ணீரில் போட்டுத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் பளிச்சென்று வடிந்தால் சரி. துணியில் வடிவதுபோலச் சொட்டினால் அந்த வலை அன்றைக்கு வேண்டாம்.

சூடு ஏற ஏற இரண்டு பக்கமும் அடி விழுகிறது. தண்ணீர் 10 டிகிரியில் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 25 டிகிரியில் 8.3 தான். அதே நேரம் மீனின் தேவை, 10 டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழ இரட்டிக்கும். வரவு குறையச் செலவு ஏறும் குடும்பம்போல. அதனால்தான் ஜனவரியில் ஐந்து மணி நேரம் வலையில் கிடந்து துள்ளிக்கொண்டு போகும் அதே ரோச், ஜூலையில் இரண்டு மணி நேரத்தில் பக்கவாட்டில் சாய்கிறது.

நேரமும் முக்கியம். பாசி பிடித்த பசுங்குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியற்காலையில். இரவு முழுக்கப் பாசியும் மூச்சு வாங்குகிறதல்லவா? வெயில் ஏறினால்தான் இருப்புக் கூடும். காலை எட்டு மணிக்குக் கெண்டைகள் குளத்து மூலையில் வாயை மேலே நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கு வலையே போடக் கூடாது. புழுக்கமான இடிமழைக்கு முந்தின நாளும் அப்படித்தான். மாலையில் வேறொரு சிக்கல்: பாசி ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைத் தின்றுவிடுவதால் தண்ணீரின் பி.எச். 9-ஐத் தொடும். மீன் செவுள் வழியே வெளியேற்றும் அமோனியாவில் நச்சுத்தன்மையுள்ள பங்கு, 20 டிகிரியில் பி.எச். 7-ல் ஒரு சதவீதத்தில் பாதிகூட இல்லை. பி.எச். 8-ல் 4 சதவீதம் அளவுக்கு வரும். 9-ல் 28 சதவீதம். ஆக்சிஜன் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும்போதே மீன் வதங்குவதற்கு இது ஒரு காரணம். நெரிசலான, தண்ணீர் மாறாத வலைக்குள் அமோனியா தேங்கும். வெளியே குளத்தில் அளந்தால் தெரியாது. மீட்டரின் முனையை வலைக்குள், அடிமுனைப் பக்கம் இறக்கி அளக்க வேண்டும்.

இனி இடம். வலை போடும் இடத்தைப் பெரும்பாலோர் தங்கள் கைக்கு எட்டும் வசதியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மீனுக்கு வேண்டியது ஆழமும் நிழலும் மெல்லிய நீரோட்டமும். கரையிலிருந்து குளத்தை நோக்கி நேராக வலையை நீட்டி, அடி வளையத்தை ஒரு குச்சியால் ஊன்றி இழுத்துக் கட்டினால் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாமல் நிற்கும். ஊன்றாமல் விட்டால் அலையும் காற்றும் வலையைச் சுருக்கிக் கரையோடு ஒட்டிவிடும். 3 மீட்டர் வலை 80 செ.மீ. மூட்டையாகிவிடும், உள்ளே இருக்கிறவைக்கு அதுதான் மிச்ச இடம். ஆற்றில் வாயை மேலோட்டப் பக்கமும் அடியைக் கீழோட்டப் பக்கமும் வைத்துக் கரைக்கு இணையாக விட்டால் ஓட்டமே வலையை விரித்து வைக்கும். ஆனால் வேகமான நடு ஓட்டத்தில் போட்டால் மீன் ஐந்து மணி நேரமும் நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். களைத்தது அடிமுனையில் ஒதுங்கிக் கண்ணியோடு அழுந்தும். ஓட்டத்தின் ஓரம், தேங்கல் தொடங்குவதற்குச் சற்று முன்னால் உள்ள பகுதி சரி.

உயர்ந்த மரமேடைகளில் உட்காரும் குளங்களில் 2 மீட்டர் வலை சட்டப்படி சரி, நடைமுறையில் தப்பு. மேடைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் போய்விட்டால் தண்ணீருக்குள் இருப்பது பாதி வலைதான். அப்படிப்பட்ட இடத்துக்கு 3 அல்லது 4 மீட்டர் வலை வேண்டும். சாய்வைத் திருப்பும் ஒரு மடக்குப் பூட்டை வாய் வளையத்துக்கும் கரைக்குச்சிக்கும் நடுவே போட்டால், வலை செங்குத்தாகத் தொங்காமல் சரிந்து போகும். பிரிட்டனில் இவற்றை மாட்டும் திருகுப்புரி எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றே, எட்டில் மூன்று அங்குல பி.எஸ்.எஃப். அளவு. எதையும் எதோடும் மாட்டலாம். மலிவு வலைகளில் அந்தப் புரி பிளாஸ்டிக்கில் இருக்கும். 20 கிலோ மீனோடு வலையைத் தூக்கும்போது விரிசல் விட்டு வாய் வளையம் தண்ணீரில் விழும். பித்தளை அல்லது உலோகப் புரி உள்ளதை வாங்குவது ஆடம்பரம் இல்லை.

கால்வாய்களில் படகு. படகு கடக்கும்போது முதலில் தண்ணீர் கரையிலிருந்து உள்வாங்கும், பிறகு திரும்பி அடிக்கும். ஆழமில்லாத ஓரத்தில் போட்ட வலை சில நொடிகள் வெறும் சேற்றில் கிடந்து, அடுத்த நொடி கல்லில் உரசும். ஒரு போட்டியில் எத்தனை படகு போகிறதோ அத்தனை தடவை. ஆழமான பக்கம் போட்டு, இரு முனையும் ஊன்றுவதுதான் வழி.

தோலைப் பற்றிச் சொல்லாமல் கண்ணியைப் பற்றிப் பேச முடியாது. மீனின் செதில் வெளிச்சட்டை என்று நினைக்கிறோம். செதிலுக்கும் மேலே உயிருள்ள மெல்லிய தோல் இருக்கிறது, அதற்கு மேலே சளி. கிருமியைத் தடுப்பதும், உடலின் உப்பு நன்னீரில் கரைந்து போகாமல் காப்பதும் இந்த இரண்டும்தான். முடிச்சுக் கண்ணியில் ஒரு உரசல் பட்டால் அந்தத் தோல் வழித்துப் போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து அதே இடத்தில் பஞ்சு ஒட்டினாற்போல சாப்ரோலெக்னியா பூஞ்சை முளைக்கும். முடிச்சைத் தடை செய்ததன் காரணம் இதுதான். ஆனால் முடிச்சில்லாத மென்கண்ணியும் காய்ந்திருந்தால் உப்புத்தாள்தான். வலையின் வாய்க்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே வெயிலில் காய்ந்து கிடக்கும் அந்த ஒரு மீட்டர் பகுதி வழியே மீனைச் சறுக்கிவிடுவது, போட்டிகளில் அதிகம் நடக்கும், யாரும் தப்பென்று நினைக்காத தப்பு. அரை மணிக்கு ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீரை அந்தப் பகுதியில் ஊற்றினால் தீர்ந்தது.

பார்பெல் மீன் தனிக்கதை. அதன் முதுகுத் துடுப்பின் முதல் முள் பின்பக்கம் ரம்பப் பல் போல இருக்கும். மென்கண்ணியில் மாட்டினால் விடாது. மீன் திமிறத் திமிற முள் வேரோடு ஆடும். கத்தரிக்கோலால் வலையை வெட்டித்தான் விடுவிக்க வேண்டும். வலையை வெட்ட மனம் வராமல் முள்ளைத் திருகுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்பெலுக்கு இன்னொரு குணமும் உண்டு: தூண்டிலில் கடைசி மூச்சுவரை போராடும், கரையேறும்போது அதனிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஓட்டமுள்ள தண்ணீரில், கரையேற்ற உதவும் கைவலைக்குள்ளேயே தலையை மேலோட்டம் பார்த்து வைத்துத் தானாகத் திமிறும்வரை காத்திருந்து விடுவதே சரி. பார்பெலைக் கீப்நெட்டில் போடவே கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்தில்லை. பெரிய பைக்குக்கும் அப்படியே, விலாங்குக்கும் அதே.

யாரோடு யாரை வைப்பது என்பதும் கேள்விதான். 4 கிலோ கெண்டையும் 100 கிராம் ரோச்சும் ஒரே வலையில் இருந்தால், தூக்கும்போது யார் மேல் யார் விழுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஒழுங்கான குளங்களில் கெண்டைக்கு ஒரு வலை, ரோச், பிரீம் போன்ற வெள்ளி மீன்களுக்கு ஒரு வலை என்று கேட்கிறார்கள். வலைக்கு 50, 60, 80 பவுண்ட் எடை என்று குளத்துக்குக் குளம் உச்சவரம்பும் வைக்கிறார்கள். எண்ணும் கருவியைக் கையில் வைத்து ஒவ்வொரு மீனுக்கும் உத்தேச எடையைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். ஆசை எப்போதும் குறைத்தே மதிக்கும். வரம்புக்குப் பத்துப் பவுண்ட் முன்னதாகவே அடுத்த வலைக்கு மாறுவது மீனுக்கும் நல்லது, தகுதியிழப்புக்குப் பயப்படுகிறவருக்கும் நல்லது. வசந்தகாலத்தில் ஆண் ரோச்சுக்கும் பிரீமுக்கும் உடம்பில் வெள்ளை வெள்ளையாகச் சினைப்பருவ முண்டுகள் வரும், தொட்டால் சொரசொரவென்றிருக்கும். நெரிசலில் அவை பக்கத்து மீனின் தோலை அரத்தால் ராவுவதுபோல ராவும். வயிறு நிறைய முட்டையோடு இருக்கும் பெண் மீன் அந்த நெரிசலில் படும் பாடு தனி. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மீன்பிடி விலக்குக் காலம் இருப்பதால் ஓரளவு தப்பிக்கின்றன. அந்த விலக்கு பொருந்தாத குளங்களில் இந்த மாதங்களில் கீப்நெட்டை ஒதுக்கி வைக்கலாம்.

எல்லா மீனும் ஒரே அளவு தாங்காது. டென்ச் கல்லுளிமங்கன். குரூசியன் கெண்டை அதற்கும் மேல்: ஆக்சிஜனே இல்லாவிட்டாலும் உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். சொந்தமாகச் சாராயம் காய்ச்சி உயிர் பிழைக்கும் மீன். இவற்றின் நலத்தைப் பார்த்து வலையின் நலத்தை எடைபோடக் கூடாது. பார்க்க வேண்டியது சிறு பிரீமையும் ரோச்சையும். அவை சாய ஆரம்பித்தால் டென்ச் துள்ளுகிறதே என்று ஆறுதல்பட இடமில்லை.

உள்ளே விடும் முறை: கையை நனை, மீனை ஈரப்பாயின் மேல் வைத்துத் தூண்டிலைக் கழற்று, கைவலையிலேயே மீனை வைத்துக் கீப்நெட்டின் வாய்க்குள் இறக்கி நீர்மட்டம் தொட்டதும் கவிழ். உட்கார்ந்த இடத்திலிருந்து வீசக் கூடாது. முள்வெட்டு இல்லாத தூண்டில்முள் என்றால் கழற்றுவது சில நொடி வேலை. புதிதாக உள்ளே வந்த மீனுக்கு முதல் ஒரு மணி நேரம்தான் ஆக்சிஜன் பசி அதிகம். தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலத்தைத் தீர்க்கப் பல மணி நேரம் ஆகும். ஆகவே கடைசி அரை மணியில் கொத்திக் கொத்தி வந்த பத்துக் கெண்டைகள், காலையிலிருந்து கிடக்கும் பத்தைவிட மோசமான நிலையில் எடைமேடைக்குப் போகின்றன. வலைக்குள் போன மீன் அடிமுனை இருட்டில் ஒதுங்கி அசையாமல் நிற்கும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நடுநடுவே வலையைத் தூக்கிப் பார்க்கிறவர் ஒவ்வொரு தடவையும் அந்த ஓய்வைக் கலைக்கிறார். இரண்டாம் விசிலுக்கு முன்னால் வலையைத் தொடாமல் இருப்பதற்குச் செலவே இல்லை.

எடை போடும் நேரம்தான் உச்சம். செய்ய வேண்டியது இப்படி: முக்காலி, தராசு, தொட்டில்வலை மூன்றும் கரையில் தயாராக நின்ற பிறகே வலையில் கை வைக்க வேண்டும். தொட்டிலை நனைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீருக்குள்ளேயே வளையம் வளையமாக மடித்து மீனை அடிமுனைக்கு ஒதுக்கி, ஒருவர் வாயைப் பிடிக்க மற்றவர் அடிக் கைப்பிடியைப் பிடித்து ஒரே சீராகத் தூக்க வேண்டும். 15 கிலோவுக்கு மேல் இருந்தால் இரண்டு மூன்று தவணையாகத் தொட்டிலில் எடுக்க வேண்டும். 30 கிலோவை ஒரே தூக்கில் தூக்கினால் அடியில் கிடக்கும் மீன் மேலே உள்ள எல்லாவற்றின் பாரத்தையும் தாங்குகிறது. தண்ணீருக்குள் மீனுக்கு எடையே இல்லை, வெளியே வந்ததும் முழு எடை. காற்றில் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூச்சு அத்தோடு நின்றுபோகும். இந்த நேரத்தில் பக்கத்து ஆளோடு பேச்சு, புகைப்படத்துக்குச் சிரிப்பு எல்லாம் மீனின் கணக்கில் எழுதப்படுகிறது. படம் வேண்டுமானால் ஒரு மீன், ஒரு படம், தண்ணீருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு.

திருப்பி விடும்போது தொட்டிலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி விளிம்பைச் சாய்த்தால் மீன் தானாகப் போகும். மேடையிலிருந்து கொட்டுவது பார்ப்பவருக்குக் கொண்டாட்டம், மீனுக்கு வயிற்றில் அறை. சாய்ந்து மிதப்பதை நிமிர்த்திப் பிடித்து வால் அடிக்கும்வரை வைத்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டக் கூடாது, பின்னால் இழுக்கும்போது தண்ணீர் செவுளில் எதிர்த்திசையில் போகும்.

போய்விட்டது, நன்றாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். நீந்திப் போவது நலத்துக்கு மிகச் சன்னமான சாட்சி. 1990களின் கடைசியில் பிரிட்டனில் கீப்நெட்டுக்குள் நீரின் தன்மை எப்படி மாறுகிறது, கெண்டையின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோனான கார்டிசால், குளுக்கோஸ், லாக்டேட் எப்படி ஏறி இறங்குகின்றன என்று ஆய்வாளர் டி. ஜி. பாட்டிங்கர் அளந்து 1997, 1998-ல் வெளியிட்டார். தூண்டிலில் சிக்கிக் கரையேறுவதே மீனின் உடலில் அழுத்த எதிர்வினையைக் கிளப்பிவிடுகிறது. வலை அதற்குப் பின்னால் வருவது. நல்ல தண்ணீரில் நன்றாக விரிந்து கிடக்கும் வலை மீனைத் தேற விடும், மோசமானது அந்த அழுத்தத்தின் மேல் இன்னொன்றை ஏற்றும். தோலில் பட்ட காயம் பூஞ்சையாக முளைக்க நாள் பிடிக்கும். அப்போது போட்டிக்காரர் வேறு குளத்தில் இருப்பார். வியாழன் காலை கரையொதுங்கும் மூன்று செத்த பிரீமை ஞாயிற்றுக்கிழமைப் போட்டியோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கிறவர் குளத்துக்காவலர் மட்டும்தான். குளம் நடத்துகிறவர்கள் ஒரு நோட்டில் போட்டி நாள், நீரின் சூடு, மொத்த எடை, அடுத்த பத்து நாள் செத்து மிதந்தவற்றின் எண்ணிக்கை ஆகிய நான்கை மட்டும் எழுதி வந்தால், ஒரே கோடையில் தங்கள் குளத்தின் வரம்பு எங்கே என்று தெரிந்துவிடும்.

மீன் வலி உணருமா என்ற பழைய வழக்குக்குள் நுழைந்தால் இந்தக் கட்டுரை முடியாது. 2003-ல் லின் ஸ்னெடனும் சக ஆய்வாளர்களும் ட்ரவுட் மீனின் தலையில் வலியுணர் நரம்பு முனைகளைக் காட்டிய பிறகு, அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்குவது கடினமாகிவிட்டது என்பது மட்டும் நிச்சயம். சுவிட்சர்லாந்து 2008-ம் ஆண்டு விதிகளில் வேறொரு முடிவுக்கே போய்விட்டது: திருப்பி விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதே குற்றம். ஜெர்மனியில் கீப்நெட்டின் நிலை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. உணவுக்காகவே பிடிக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை. ஆங்கிலேயருக்கு உயிரோடு விடுவதுதான் கருணை. சுவிஸ்காரருக்கு விளையாட்டுக்காகப் பிடித்து விடுவதுதான் கொடுமை. ஒரே மீன்தான் இரண்டு பக்கமும்.

வெயில் நாளில் என்ன செய்வது? தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் மீன் வலையில் இருக்கும் நேரத்தை இரண்டு மூன்று மணிக்குள் முடிப்போம். போட்டியை நடுவில் நிறுத்தி ஒரு எடை, முடிவில் ஒரு எடை. 24-ஐத் தாண்டினால் கீப்நெட்டே வேண்டாம், பிடித்த ஒவ்வொன்றையும் அப்போதே தராசில் வைத்து எழுதிக்கொண்டு விட்டுவிடலாம். இந்த எண்கள் சட்டத்தில் இல்லை, எங்கள் தீர்ப்பு. அளக்கும் இடம் வலையின் அடிமுனை ஆழம். கரையோரத்துச் சூடு எப்போதும் கூடுதலாகக் காட்டும். வெப்பமானி ஒரு தூண்டில் மிதவையின் விலைதான்.

கடைசி வேலை வீட்டில். ஈர வலை ஒரு குளத்தின் நோயை அடுத்த குளத்துக்குத் தூக்கிப் போகும். கெண்டை ஹெர்பீஸ் வைரஸ் பிரிட்டனில் அறிவித்தாக வேண்டிய நோய்; 16 முதல் 28 டிகிரிவரை வெளிப்படும், அதாவது சரியாகப் போட்டிக் காலத்தில். 2010 செப்டம்பரில் இங்கிலாந்தின் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் ‘கொலைகார இறால்’ எனப்படும் அந்நிய இனம் அகப்பட்டதை அடுத்து, பார், கழுவு, உலர்த்து என்ற பிரச்சாரம் பிரிட்டனில் தொடங்கியது. சில குளங்கள் வெளி வலையையே அனுமதிப்பதில்லை, தங்கள் வலையைத் தருகின்றன. சில வாசலிலேயே கிருமிநாசினித் தொட்டி வைத்திருக்கின்றன. அந்தத் தொட்டியில் முக்கியது காய்வதற்கு முன்னால் வலையை மீனுக்குப் பயன்படுத்தினால் மருந்தின் எரிச்சல் செவுளில் ஏறும். அலசிவிட்டுப் போட வேண்டும். வீட்டில் முதலில் குழாய்த் தண்ணீரில் சளியைப் போக்கி, முடிந்தால் 45 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, வெயிலில் தொங்கவிட வேண்டும். வளையங்களைச் சுற்றித் தைத்த மடிப்புகளில்தான் ஈரம் கடைசிவரை நிற்கும். வலை காய்ந்துவிட்டதா என்று சுவரைத் தொட்டுப் பார்க்காமல் அந்த மடிப்பை விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும்.